பரிசும் பூசையும்

(கம்மாபுரத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், எழுத்தாளர்களுக்கு அவர்களுடைய ஆயுட்கால உழைப்பை மதித்துக் கொடுக்கப்படும் பரிசுகளைப் பற்றியதாகும். வயல் வேலை செய்கிறவர்களும், விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்குக் கூலிக்குப் போய் வருகிறவர்களும், நெய்வேலிக்கு வேலைக்குப் போகிறவர்களுமாய்க் கூடியிருக்கிற இந்தக் கம்மாபுரத்தில் இந்தச் சங்கதி எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். "எவனோ எழுதினான், எவனோ பரிசு கொடுத்தான், நமக்கென்ன?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் பரிசு என்பது மரியாதை. மரியாதை யாருக்குச் செய்வது, எதற்காகச் செய்வது என்பதில்தான் இந்த நாட்டு ஜனங்களில் பெரும்பாலோர் பல நூறு வருஷங்களாக ஏமாற்றப்பட்டு வந்திருக்கிறார்கள். ஆகையால் இது உங்கள் விஷயமேயாகும்.

முதலில் நம் ஊர்களில் மரியாதை என்றால் என்னவாக இருந்தது என்று பாருங்கள். கோவில் திருவிழாவில் முதல் மரியாதை என்கிறார்கள், பரிவட்டம் என்கிறார்கள், முதல் தாம்பூலம் என்கிறார்கள். இதைப் பெறுகிறவர் என்ன காரியம் செய்து பெற்றார் என்று கேட்டால் பதில் உண்டா? அவர் அப்பா பெற்றார், அதனால் இவர் பெறுகிறார். அவர் அப்பா ஏன் பெற்றார் என்றால் அவருக்கும் ஓர் அப்பா இருந்தார். இவ்வளவுதான் அதற்குள்ள யோக்கியதை. இந்த முதல் மரியாதைக்காக வெட்டுக் குத்து நடந்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போய்ச் சொத்தை அழித்துக்கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஊருக்குச் சோறு போடுகிறவனுக்கு அந்த மரியாதை இல்லை. ஊர்த் துணியை வெளுக்கிறவளுக்கு இல்லை. ஊர்ப் பிணத்தை எடுக்கிறவனுக்கு இல்லை. யார் உழைக்கிறார்களோ அவர்களுக்கு இல்லை என்பதே அந்த மரியாதையின் சட்டமாக இருந்தது.

புலவர்களுக்குக் கொடுத்த பரிசின் சங்கதியும் பெரும்பாலும் இதற்குச் சளைத்ததல்ல. அரசனைப் பாடினால் பொற்கிழி. ஜமீன்தாரைப் பாடினால் வேட்டியும் சோறும். பாடப்பட்டவனுக்குச் சந்தோஷமா என்பதுதான் அங்கே கேள்வி. பாட்டில் உள்ளது உண்மையா என்று யாரும் கேட்டதில்லை. கொடுக்கிறவனுடைய பெருமைக்காகக் கொடுக்கப்பட்டதே தவிர, ஜனங்களுக்கு ஏற்பட்ட பிரயோஜனத்திற்காகக் கொடுக்கப்பட்டதல்ல.

நிற்க, உலகத்தில் வேறு மாதிரியான பரிசுகள் ஏற்பட்டன. வெடிமருந்து செய்து பணம் சேர்த்த நோபல் என்பவர் 1896-ல் இறந்தார். அவர் எழுதிவைத்த உயிலின்படி 1901 முதல் ஆண்டுதோறும் இலக்கியத்திற்கும் பரிசு கொடுத்து வருகிறார்கள். அமெரிக்காவில் ஒக்லகோமா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 1970 முதல் நியூஸ்டாட் பரிசு என்ற ஒன்றை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். அது ஒரே ஒரு புத்தகத்துக்கு என்று இல்லாமல், ஒருவர் எழுதிய எழுத்து முழுவதையும் பார்த்துக் கொடுப்பது. 1988-ல் அதை நம் தென்னாட்டவரான ராஜா ராவ் பெற்றார். இந்தப் பரிசுகளில் உள்ள விசேஷம் என்னவென்றால், பெறுகிறவனுடைய குலத்தைக் கேட்பதில்லை. அவன் என்ன எழுதினான் என்று கேட்கிறார்கள். நடுவர்கள் என்று சிலர் உட்கார்ந்து, புத்தகத்தைப் படித்து, ஒருவருக்கொருவர் வாதாடி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். பிறப்பைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துச் செய்யும் மரியாதை என்ற அளவில் இது நாம் வரவேற்க வேண்டிய மாறுதலாகும்.

ஆனால் இதையும் வேதமாக்கிவிடக் கூடாது. நோபல் பரிசு ஆரம்பித்த 1901-ல் ருஷ்யாவில் டால்ஸ்டாய் உயிரோடிருந்தார். பரிசு பிரெஞ்சுக் கவி சல்லி புரூதோம் என்பவருக்குப் போயிற்று. டால்ஸ்டாய் 1910 வரையில் இருந்தும் அவருக்குக் கடைசிவரை அது கொடுக்கப்படவில்லை. இன்று உலகம் யாரைப் படிக்கிறது? 1964-ல் சார்த்தர் என்ற பிரெஞ்சு அறிஞர் தமக்கு அறிவித்த பரிசை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் எழுத்து குறைந்துவிட்டதா? ஆகவே பரிசு என்பது சில மனிதர்களின் அபிப்பிராயம். அது நல்ல அபிப்பிராயமாயுமிருக்கலாம், தப்பு அபிப்பிராயமாயுமிருக்கலாம். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் வாங்கப் போனால் என்ன செய்கிறீர்கள்? கடைக்காரன் நல்லதென்று சொன்னான் என்பதற்காக வாங்கி வந்துவிடுகிறீர்களா? விரலால் தட்டிப் பார்க்கிறீர்கள். கீறல் இருந்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். பரிசு பெற்ற புத்தகத்தையும் அந்த மாதிரி நீங்களே தட்டிப் பார்க்க வேண்டும். தட்டிப் பார்ப்பது என்றால் படிப்பது.

இனி நமக்கு நெருங்கிய விஷயத்துக்கு வருவோம். தமிழ் எழுத்துக்கென்றே உலக அளவில் ஒரு வாழ்நாள் பரிசு இருக்கிறது. கனடா தேசத்தில் டொரண்டோ நகரில் உள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் என்ற அமைப்பு 2001 முதல் கொடுத்து வரும் 'இயல் விருது' அது. இதை ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் இலங்கையிலிருந்து போன தமிழர்கள். யுத்தத்தால் வீடும் நிலமும் விட்டு, பனி கொட்டுகிற ஊரில் குடியேறினவர்களின் சமூகம் அது. அப்படிப்பட்டவர்கள் தமிழில் ஆயுள் முழுவதும் உழைத்தவன் யார் என்று தேடி, கேடயமும் பணமும் கொடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான வருஷங்களாக ஒரே இடத்தில் இருந்துகொண்டு, ஊர்ப் பெருமை பேசிக்கொண்டிருக்கிற நமக்கு இது கொஞ்சம் வெட்கத்தைக் கொடுக்க வேண்டும்.

யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். முதல் விருது 2001-ல் நாகர்கோவில் சுந்தர ராமசாமிக்கு. 2005-ல் சங்கப் பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்த அமெரிக்கரான ஜார்ஜ் ஹார்ட்டுக்கு. 2007-ல் மொழிபெயர்ப்பாளர் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் அம்மையாருக்கு. 2008-ல் பெண்களின் வாழ்வைப் பெண்ணாகவே நின்று எழுதிய அம்பைக்கு. 2015-ல் தமிழ் விக்கிப்பீடியா என்ற எல்லோருக்கும் இலவசமான கலைக்களஞ்சியத்தைத் தொடங்கிவைத்த மயூரநாதனுக்கு. கதை எழுதினவனுக்கு மட்டும் என்றில்லாமல், தமிழுக்கு உழைத்தவன் எவனாயிருந்தாலும் கொடுத்திருக்கிறார்கள்.

இவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசைப்படுகின்றோம். 2013-ல் இந்த விருதைப் பெற்றவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா. அவர் முடிதிருத்தும் தொழில் செய்தவர். அந்தத் தொழிலைச் செய்த குலத்தில் பிறந்ததற்காக இளமையில் அவமானப்படுத்தப்பட்டவர். கத்தரிக்கோல் பிடித்த அதே கையால் கதை எழுதி, 1960-லேயே இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றார். 1966-ல் 'மல்லிகை' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கி, யுத்தத்துக்கு நடுவிலும் நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். நம் ஊர் முதல் மரியாதைச் சட்டப்படி பார்த்தால் இவருக்கு எந்த இடம் கிடைத்திருக்கும்? திருவிழாவுக்கு முதல் நாள் ஊரார் தலையைச் சிரைத்துவிட்டு ஓரமாக நின்றிருப்பார். இதுதான் தோழர்களே இரண்டு மரியாதைக்கும் உள்ள வித்தியாசம்!

இனி இந்தப் பக்கத்துக்காரர் விஷயம். 2018-ஆம் ஆண்டுக்கான இயல் விருது இமையம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அண்ணாமலை என்பது அவருடைய இயற்பெயர். 1964-ல் பிறந்தவர், இந்தக் கடலூர் மாவட்டத்துக்காரர், விருத்தாசலத்தில் குடியிருந்து பள்ளிக்கூட ஆசிரியர் வேலை பார்த்தவர். ஆதிதிராவிட வகுப்பில் பிறந்தவர். டொரண்டோவில் உள்ளவர்களுக்குத் தெரிந்த அந்தப் பெயர் பக்கத்து ஊரில் உள்ள நமக்கு எவ்வளவு தெரியும்? தெரியும் என்கிறவர்களிலும் அவர் புத்தகம் ஒன்றைக் கையால் தொட்டவர்கள் எத்தனை பேர்?

அவருடைய முதல் நாவல் 1994-ல் வந்த 'கோவேறு கழுதைகள்'. ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியின் கதை. சாதாரண வண்ணாத்தி அல்ல. ஆதிதிராவிடர் தெருவுக்கு வெளுக்கிறவள். மேல்சாதித் தெருவுக்கு வெளுக்க ஒருவர், இந்தத் தெருவுக்கு வெளுக்க வேறொருவர் என்று வைத்தார்கள் அல்லவா? அந்த வேறொருவர் தெரு ஓரத்தில் குடியிருந்து, ராச்சோறு வாங்கி, களத்துமேட்டில் கூலித் தானியத்துக்குக் கை ஏந்தி, பிரசவத் துணியும் பிணத் துணியும் எடுக்கிறவர். கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தும் அவளுக்கு அந்த வேலை மாறவில்லை. மகளுக்கு ஒரு கொடுமை நேர்ந்தபோது அதை வாய்விட்டு வெளியே சொல்லவும் அவளுக்கு வழியில்லை. ஏனென்றால் கொடுமை செய்தவன் சோறு போடுகிற தெருவைச் சேர்ந்தவன்.

இந்தப் புத்தகம் வந்தபோது எதிர்ப்பும் வந்தது. "தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவரே தம் வகுப்பாரின் குற்றத்தை எழுதலாமா? எதிரிக்குத் தடியை எடுத்துக் கொடுப்பதாகாதா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல, பயத்தினால் கேட்டார்கள். ஆனால் நாம் சொல்லுவது என்னவென்றால், ஜாதி என்பது ஏணி. அதில் உச்சிப்படியில் உள்ளவன் மட்டும் குற்றவாளி என்று எண்ணிக்கொண்டு, நடுப்படியில் உள்ளவர்கள் தங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. பார்ப்பானைத் திட்டும்போது கை தட்டுகிற நடுஜாதிக்காரர், தம் வயலில் வேலை செய்கிறவன் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் முகம் சுளிக்கிறார். அந்த முகச்சுளிப்பை வாங்கினவன், தனக்கு வெளுக்கிறவளிடம் அதையே திருப்பிக் காட்டுகிறான். மேலே இருக்கிறவனிடம் சமத்துவம் கேட்கிறவன், கீழே இருப்பவனுக்கு அதைக் கொடுத்துவிட்டல்லவா கேட்க வேண்டும்? அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்தால் அது வெளுத்துவிடாது, அவிழ்த்தால்தான் வெளுக்கலாம். அவிழ்த்தவர் மேல் கோபித்துப் பிரயோஜனமில்லை.

அவருடைய மற்றொரு நாவல் 2006-ல் வந்த 'செடல்'. மழை பெய்யவில்லை என்பதற்காக ஒரு சிறு பெண்ணைச் சாமிக்குப் பொட்டுக் கட்டி விட்டுவிடுகிறார்கள். வானத்தில் மேகம் இல்லாததற்கு, விளையாடுகிற வயதிலுள்ள பெண் என்ன செய்தாள் என்று ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவள் கூத்தாடிப் பிழைத்து வயதாகிற வரையில் அந்தக் கதை போகிறது. இந்தப் பொட்டுக்கட்டும் பாழ்வழக்கத்தை எதிர்த்து மூவலூர் இராமாமிர்தத்தம்மையார் ஊர் ஊராய்ப் பேசினார். 1936-ல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலும் எழுதினார். சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் போராடினார். கடைசியில் 1947-ல் சட்டம் வந்தது. இராமாமிர்தத்தம்மையார் போன்றவர்களைத் தேடி எந்த உலகப் பரிசும் வரவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பெண் குழந்தைகளின் கழுத்து அந்தக் கயிற்றிலிருந்து தப்பியது. எழுத்துக்கு அதைவிடப் பெரிய பரிசு எதுவென்று யாராவது காட்டட்டும்!

இன்னொரு கதை 'பெத்தவன்'. மகள் கீழ்ஜாதிப் பையனைக் காதலித்தாள் என்பதற்காக, நீயே உன் மகளைக் கொன்றுவிடு என்று ஊர்ப் பஞ்சாயத்து தகப்பனுக்கு உத்தரவு போடுகிறது. அவன் மகளைத் தப்பவிட்டு, அவளுக்கென்று கொடுத்த விஷத்தைத் தானே குடித்துச் சாகிறான். கதைதானே என்று சொல்லிவிட முடியுமா? 2003-ல் இந்த விருத்தாசலத்துப் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில், ஜாதி மாறிக் கலியாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கும் ஒரு பையனுக்கும் விஷம் புகட்டி எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனைத் தீர்ப்பு வர 2021 ஆயிற்று, பதினெட்டு வருஷம்! கதையில் வருகிற தகப்பன் மகளுக்காகத் தான் செத்தான். நிஜத்தில் அப்படி ஒரு தகப்பனோ, ஓர் அண்ணனோ, ஒரு பெரிய மனிதரோ குறுக்கே வந்து நின்றிருந்தால் இரண்டு உயிர் பிழைத்திருக்கும். அந்தக் குறுக்கே நிற்கும் தைரியத்தைத்தான் அந்தப் புத்தகம் நம்மிடம் கேட்கிறது.

இப்போது பரிசின் விஷயத்துக்குத் திரும்புவோம். 'செல்லாத பணம்' என்ற நாவலுக்காக இவருக்கு 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி பரிசும் கிடைத்தது. இப்படிப்பட்ட பரிசு கிடைத்தவுடன் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? சுவரொட்டி ஒட்டுகிறார்கள். பேனர் கட்டுகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள். "நம் மண்ணின் மைந்தர்" என்று பேசுகிறார்கள். மறுநாள் பேனரை அவிழ்த்து வீட்டுக் கூரைக்குப் போட்டுக்கொள்கிறார்கள். புத்தகம் என்ன சொல்லிற்று என்று கேட்டால் தெரியாது. இது பூசையல்லாமல் வேறென்ன? குழவிக்கல்லுக்கு எண்ணெய் தேய்க்கிறோம், பூப் போடுகிறோம், ஊர்வலம் விடுகிறோம். அது நம்மை ஒரு கேள்வியும் கேட்காது என்கிற தைரியத்தில் இவ்வளவும் செய்கிறோம். எழுத்தாளனையும் அப்படிக் கல்லாக்கிவிட்டால் நமக்குச் சௌகரியம். "உன் தெருவில் வெளுக்கிறவளை நீ எப்படி நடத்துகிறாய்?" என்று அவன் புத்தகம் கேட்பது மேளச் சத்தத்தில் காதில் விழாது. மாலை போடுகிற அவசரத்தில் நாம் தப்பித்துக்கொள்கிறோம் என்பதே உண்மை.

சிலர், "தமிழுக்கு நோபல் பரிசு வரவில்லையே! வங்காளத்துத் தாகூருக்கு 1913-லேயே வந்துவிட்டதே!" என்று துக்கப்படுகிறார்கள். துக்கப்படுவதற்கு முன் காரணத்தை யோசிக்க வேண்டாமா? தாகூர் தம் பாட்டுகளைத் தாமே இங்கிலீஷில் எழுதி, அது 1912-ல் லண்டனில் அச்சாயிற்று. படிக்க முடிந்ததனால் பரிசு கொடுத்தார்கள். ஸ்வீடன் தேசத்துக்காரனுக்குத் தமிழ் தெரியாதது அவன் குற்றமா? 'கோவேறு கழுதைகள்' நாவலை இங்கிலீஷில் பெயர்த்தவர் நாம் முன்னே சொன்ன லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் அம்மையார்தான். ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து பெயர்த்தால்தான் நம் வண்ணாத்தியின் கண்ணீர் வெளிநாட்டானுக்குத் தெரியும். அந்த வேலையைச் செய்கிற பத்துப் பேருக்கு நாம் சோறு போட்டோமா? தமிழன் எழுதியதைத் தமிழனே காசு கொடுத்து வாங்காதபோது, ஸ்வீடன்காரன் வந்து வாங்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

"வாங்கப் பணம் ஏது?" என்பீர்கள். 1948-ல் இந்த மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாக வந்த மாகாண நூலகச் சட்டம் அதுவே. அந்தச் சட்டப்படி நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். ஆகவே நூலகத்துப் புத்தகம் யாரோ போட்ட பிச்சையல்ல. உங்கள் பணத்தில் வாங்கியது. கோவில் உண்டியலில் போட்டதற்குக் கணக்குக் கேட்கப் பயப்படுகிறவர்கள்கூட இந்த வரிக்குக் கணக்குக் கேட்கலாம். போய், இந்த ஆசிரியர் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள்.

எழுத்துத் தெரியாதவர்கள் இருந்தால், தெரிந்த பிள்ளை ஒன்றை உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முக்கியமாய்ப் பெண்கள் கேட்கட்டும். ஆரோக்கியத்தின் கதையும் செடலின் கதையும் அவர்களுக்குத்தான் நம்மைவிட நன்றாக விளங்கும். கலியாணத்திலே வெள்ளிக்குத்துவிளக்கும் பாத்திரமும் கொடுப்பதில் ஒன்றைக் குறைத்து ஒரு புத்தகம் கொடுங்கள். படித்தபின் ஆசிரியர் சொன்னதெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதில்லை. இந்த இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறார், எங்கள் தெருவில் அப்படியில்லை என்று தோன்றினால் அதையும் சபையில் எழுந்து சொல்லுங்கள். நம் அபிப்பிராயத்தில் அதுவே எழுத்தாளனுக்குச் செய்யும் முதல் மரியாதை. ஏனென்றால் அவனையும் ஒரு மனிதனாக எண்ணிப் பதில் சொல்லுகிறோம்.

ஆகையால் தோழர்களே, நாம் கேட்பது பெரிய காரியமல்ல. அடுத்த தடவை இந்த வட்டாரத்து எழுத்தாளர் ஒருவருக்கு எங்கிருந்தாவது பரிசு வந்தால், மாலை வாங்குகிற காசில் அவர் புத்தகத்தை வாங்குங்கள். படியுங்கள். படித்த மறுநாள் காலையில் உங்கள் வீட்டுக்கு வெளுக்கவோ, சிரைக்கவோ, சாணி அள்ளவோ வருகிறவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், எங்கே உட்காரச் சொல்லுகிறீர்கள், எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று நீங்களே கவனியுங்கள். அதில் ஏதாவது மாறியிருந்தால் பரிசு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதென்று அர்த்தம். ஒன்றும் மாறவில்லையானால், டொரண்டோவில் கொடுத்தாலும் ஸ்டாக்ஹோமில் கொடுத்தாலும் நம்மைப் பொறுத்தவரை அது அலமாரியில் வைக்கிற கேடயமாகத்தான் இருக்கும்.